மழை வந்தால்: கொரிய நிபந்தனை விகுதி பற்றி ஒரு சிற்றாராய்ச்சி

மழை வந்தால் போக மாட்டேன். இந்த அற்ப விஷயத்தைக் கொரியர் ஒருவர் நண்பனிடம் 'பிகா ஓம்யொன் அன் கா' என்பார். பக்கத்து வீட்டுக்காரரிடம் 'பிகா ஓம்யொன் அன் காயோ'. அலுவலகக் கூட்டத்தில் 'பிகா ஓம்யொன் அன் காம்னிதா'. 'போக மாட்டேன்' மூன்று இடத்துக்கும் மூன்று சட்டை மாற்றுகிறது. 'மழை வந்தால்' மட்டும் ஒரே உடுப்போடு எல்லா வீட்டுக்கும் போய்வருகிறது. கேட்பவரின் தகுதிக்கேற்ப ஆறு பேச்சுப் படிகளை இலக்கணிகள் எண்ணிவைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, மாமனார் மருமகனிடம் பேசுவது போன்ற சில இடங்களில்தான் இன்று மிஞ்சியிருக்கிறது. ஆறு படிகளும் வாக்கியத்தின் கடைசி வினையில் குடியிருப்பவை. 'ம்யொன்' என்ற நிபந்தனை விகுதியோ, நம் 'ஆல்' போல, கேட்பவர் யாரென்று விசாரிப்பதே இல்லை. மரியாதை வரி விலக்குப் பெற்ற பிரதேசம் அது என்பதே இவ்வாராய்ச்சியின் துணிபு.

அற்றன்று, 'ஓஷிம்யொன்' என்றும் சொல்கிறார்களே, அந்த 'ஷி' மரியாதை இல்லையா என்பாரும் உளர். மரியாதைதான், ஆனால் வேறு கணக்கில் எழுதப்படுவது. அண்ணன் தம்பியிடம் 'ஹராபொஜி ஓஷிம்யொன் மல்ஹே' என்கிறான்: தாத்தா வந்தால் சொல்லு. 'ஷி' தாத்தாவுக்கு, அவர் அந்த அறையிலேயே இல்லை. எதிரே நிற்கும் தம்பிக்குக் கிடைத்ததெல்லாம் மொட்டையான 'மல்ஹே'. ஆக, 'ஷி' வணங்குவது எழுவாயை, கேட்பவரை அல்ல. எழுவாயும் கேட்பவரும் ஒரே ஆளாகிவிடும்போதுதான், அதாவது 'நீங்கள் வந்தால்' என்னும்போதுதான், இரண்டு கணக்கும் கலந்து மயக்கம் தருகிறது. தமிழில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. தாத்தா வந்தாலும் பூனை வந்தாலும் நமக்கு 'வந்தால்'தான். கொரியக் காப்பிக் கடைகளில் 'காப்பி எழுந்தருளிவிட்டது' என்ற தோரணையில் பானத்துக்கே 'ஷி' போடும் வழக்கம் பரவ, அது பிழை என்று தேசிய கொரிய மொழி நிறுவனம் சொல்லவேண்டி வந்தது. காப்பிக்கே 'ஷி' கிடைத்துவிட்டதைக் கவனிக்க.

இரண்டாம் மறுப்பு கொஞ்சம் வலுவானது. நாளைக்கு மலையேறப் போகலாம் என்று ஆசிரியர் சொல்ல, மாணவன் 'பிகா ஓம்யொன்யோ?' என்று கேட்கிறான். மழை வந்தால்? இங்கே பணிவு காட்டும் 'யோ' நிபந்தனை விகுதியின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது, துணிபு கவிழ்ந்ததா? இல்லை, நிமிர்ந்தது. மீதி வாக்கியம் சொல்லப்படாததால் 'ம்யொன்' தற்செயலாகக் கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் நிற்பவர் பில்லைக் கொடுக்கவேண்டும் என்ற ஓட்டல் நியதிப்படி மரியாதைச் செலவு அதன் தலையில் விழுந்தது. சிலர் வாக்கியத்தின் நடுவிலும் மூச்சு விடும் இடத்தில் 'யோ' செருகுவதுண்டு. அதையும் சிறு முடிவாகவே கொள்க. சரித்திர நாடகத்து மந்திரிகள் அரசரிடம் சொல்லும் 'ஹாஓம்யொன்' மட்டும் உண்மையிலேயே நிபந்தனைக்குள் பணிவைப் புகுத்திய பழைய வடிவம். அதற்கு நம்மிடம் விடை இல்லை. அரசரும் இப்போது இல்லை.

இனிதான் விசேஷம். மரியாதை வரி கட்டாத இந்த விகுதியே மரியாதை வியாபாரத்தின் பெரிய முதலாளி. உள்ளே வராதீர்கள் என்று அதட்டவேண்டிய இடத்தில் கொரியர் 'தூரோஓஷிம்யொன் அன் த்வேம்னிதா' என்கிறார்: உள்ளே வந்தால் ஆகாது. கட்டளை போய், வானிலை அறிக்கை போல ஒரு காரண காரியத் தொடர்ச்சி வந்து நிற்கிறது. அலுவலக மின்னஞ்சல் இன்னும் நேர்த்தி: செய்து தந்தால் நன்றியுடையவனாவேன், 'ஹே ஜுஷிம்யொன் காம்சாஹாகெஸ்ஸும்னிதா'. தர்க்கப்படி, செய்யாமலும் இருக்கலாம், நன்றி மட்டும் வராது. அப்படிப் படித்துவிட்டுச் சும்மா இருக்கும் ஊழியருக்கு நன்றியைத் தவிர மற்ற எல்லாம் வந்து சேரும். நிபந்தனையின் மறுபாதியான 'இல்லாவிட்டால்' எழுதப்படுவதில்லை. எழுதாத அந்தப் பாதியில்தான் மேலதிகாரி உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு பக்கக் குறிப்பு. சியோலில் வாழ்ந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். அந்த உறவுமுறையை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. வினையின் வாலில் நிபந்தனையைக் கட்டுவது ஜப்பானியருக்கும் துருக்கியருக்கும்கூடத் தெரிந்த வித்தை. அதை வைத்துச் சம்பந்தம் பேச முடியாது.

எதிரே இருப்பவரின் வயதும் பதவியும் தெரியாமல் கொரியாவில் மாட்டிக்கொள்ளும் வாசகருக்கு ஒரே யோசனை: 'பிகா ஓம்யொன்' வரை தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு வானத்தைப் பாருங்கள். மீதியை அவர் முடிப்பார்.