பேட்டரியைக் கழற்ற முடிந்த காலம்

எங்கள் வீட்டில் 'போனை மாற்றலாமா, வேண்டாமா' என்ற பேச்சு எழுவதே கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாகத்தான். அதற்கு முன்பு போன் இருந்தது, கெட்டுப்போனது, சரி செய்தோம். இனி ஒன்றும் பண்ண முடியாது என்று கடைக்காரர் கைவிரித்த பிறகுதான் வேறு வாங்கினோம். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மாற்றுவது பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதாக நினைவில்லை. இப்போது ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் நடுவில் வருடம் தவறாமல் அந்தப் பேச்சு வந்துவிடுகிறது.

இந்த முறை ஆரம்பித்தது என் மகன். "2022-ல வாங்கின போனை இன்னும் கட்டிக்கிட்டு அழறியேம்மா. எக்ஸ்சேஞ்சுல போட்டா ஏதாவது குடுப்பான். மிச்சத்துக்கு இ.எம்.ஐ. போட்டுக்கலாம்." அவன் காட்டிய போன் 28,000 ரூபாய். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காலையில் சார்ஜ் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் முப்பதுக்கு இறங்கிவிடுகிறது. இருபது காட்டும்போதே திடீரென்று அணைந்துவிடுகிறது. காய்கறிக் கடையில் பணம் அனுப்பத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள்.

இந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து புதுப் போன் என்று அவன் தலைமுறை நம்புகிறது. நான் வேறு மாதிரிப் போன்களோடு வாழ்ந்தவள். அதனால்தான் உடனே தலையாட்ட முடியவில்லை.

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்போதெல்லாம் தொலைபேசி என்றால் எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிற பொருள். இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காகப் பெஞ்சில் காத்திருப்போம். உள்ளே போனால் கண் முழுக்கக் கட்டணம் காட்டி ஓடுகிற சிவப்பு எண்களின் மேல்தான் இருக்கும். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. எங்களைப் பொறுத்தவரை அது பேப்பரில் படிக்கிற செய்தி, அவ்வளவுதான். வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. 2003-ல் இன்கமிங் இலவசமான பிறகே எங்களைப் போன்ற குடும்பங்கள் செல்போன் கடைப் படி ஏறின.

ஏறி வாங்கியது நோக்கியா 1100. அதே 2003-ல் வந்த மாடல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத ரப்பர் கீபேட், ஈரக் கையிலும் வழுக்காத பக்கங்கள், தலையில் ஒரு டார்ச். நான் சில வருடம் வைத்திருந்து, பிறகு ஊரில் அம்மாவிடம் கொடுத்தேன். 2012-ல் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்தபோது, அம்மா அதை அடுப்படி அலமாரியில் டவராவை முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்து அந்த வெளிச்சத்தில் ரசம் கொதிக்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் போனின் பின்மூடியை விரலால் அழுத்தித் தள்ளினால் கழன்றுவிடும். உள்ளே பி.எல்-5சி என்ற பேட்டரி. நகத்தால் நெம்பினால் கையில் வந்துவிடும். சார்ஜ் நிற்கவில்லை என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வேறொன்று வாங்கிப் போட்டுக்கொள்வோம். பேட்டரியை மட்டும் கவ்வ வைத்துச் சார்ஜ் போடும் கிளிப் சார்ஜரும் அங்கேயே கிடைக்கும். வேறு மாடல் வைத்திருந்த சித்தப்பாவின் பேட்டரியும் அம்மாவின் போனில் பொருந்தும். நோக்கியாவின் எத்தனையோ மாடல்களுக்கு அந்த ஒரே பேட்டரிதான்.

2007 ஆகஸ்டில் அந்தப் பேட்டரி பற்றி ஒரு எச்சரிக்கை வந்தது. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பி.எல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. ஊரெல்லாம் 'போன் வெடிக்கும்' என்று பேச்சு. நான் செய்தது இதுதான்: மூடியைத் தள்ளினேன், பேட்டரியை எடுத்துத் திருப்பினேன், பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த 26 எழுத்து கொண்ட அடையாள எண்ணைத் தாத்தாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்துப் பார்த்தேன். எங்களுடையது எச்சரிக்கையில் சொன்ன பேட்டரிகளில் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பேட்டரியைக் கொடுத்து வேறு பேட்டரி வாங்கியிருப்போம். போனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஒன்பது வருடம் கழித்து, 2016-ல், சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 பேட்டரிகள் தீப்பிடித்தன. அந்தப் பேட்டரி போனுக்குள் பசை போட்டு ஒட்டி, மேலே கண்ணாடியால் மூடப்பட்டிருந்தது. வாங்கியவர் கையால் எடுக்க வழியே இல்லை. செப்டம்பரில் சுமார் 25 லட்சம் போன்களை முழுசாகத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடிக்க, அக்டோபரில் அந்த மாடலின் தயாரிப்பையே நிறுத்தினார்கள். பழுது பேட்டரியில், திரையும் கேமராவும் சிப்பும் நல்ல நிலையில். ஆனாலும் எல்லாம் சேர்ந்து திரும்பிப் போயின. இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நடுவில் நாம் எதை விட்டுக்கொடுத்தோம் என்று தெரிந்துவிடுகிறது.

பேட்டரியை ஒட்டி மூடியதில் பயன் இல்லாமல் இல்லை. போன் மெலிந்தது, பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைத்தது, மழையில் நனைந்தாலும் பிழைக்கிறது. இருந்தாலும் போனிலேயே முதலில் தேய்கிற உறுப்பு அந்தப் பேட்டரிதான். மாடலைப் பொறுத்து 500 முதல் 1,000 தடவை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிடும். சென்னை வெயிலில் இன்னும் சீக்கிரம். பழைய பேட்டரிக்குள் மின்தடை கூடிவிடுவதால், கேமராவோ வேறு செயலியோ ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சட்டென்று சரியும். என் போன் இருபது சதவீதத்தில் அணைவது அதனால்தான். வேகம் குறைவதற்கும் பேட்டரி காரணமாக இருக்கலாம். திடீரென்று அணையாமல் இருப்பதற்காகத் தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. மெதுவாகிவிட்டது என்று போனையே தூக்கிப் போட இருந்த எத்தனையோ பேருக்கு அந்த 29 டாலர் போதுமானதாக இருந்தது.

மகனிடம், "முதல்ல பேட்டரிய மாத்திப் பாக்கறேன்டா" என்றேன். "அதுக்கு வேற செலவா?" என்றான்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோடு பக்கம் ஒரு சின்னக் கடை. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். பழுது பார்ப்பது மனைவி. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் வேலை பார்த்தவர். 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்வந்த ஆயிரக்கணக்கான பெண்களின் முதல் சம்பளம் அங்கே வாங்கியதுதான். பிறகு வரிப் பிரச்சினையில் சிக்கி, நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை கைமாறாமல் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றுபோனது. இவர் கொஞ்ச நாள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டு, போன் ரிப்பேர் கற்றுக்கொண்டு இந்த மேஜைக்கு வந்திருக்கிறார்.

"ஃபுல் சார்ஜ்ல திறக்க மாட்டேங்கம்மா, கொஞ்சம் இறங்கட்டும்" என்று டார்ச்சைப் போட்டுவிட்டு உட்கார வைத்தார். சார்ஜ் நிறைந்த பேட்டரியில் கருவி பட்டால் ஆபத்து அதிகம் என்றார். அப்புறம் சிம் தட்டை உருவிவிட்டு, போனைச் சூடான பலகையில் முதுகு கீழே இருக்கும்படி வைத்தார். சில நிமிடம் கழித்துத் திருப்பி, உறிஞ்சு கப்பை ஒட்டி இழுக்க, ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி விழுந்தது. அதில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து நாலு பக்கமும் நகர்த்தினார். பின்கண்ணாடி தூக்கிக்கொண்டு வரும்போது இளகிய பசை நூல் நூலாக இழுத்தது. ஸ்குரூக்களை எடுத்து, அவை இருந்த வரிசையிலேயே காந்த விரிப்பில் வைத்தார். நீளமான ஸ்குரூவைக் குட்டை ஸ்குரூவின் இடத்தில் முடுக்கினால் போர்டையே துளைத்துவிடுமாம். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றினார். ஓரத்தில் சொட்டுச் சொட்டாக ஐ.பி.ஏ. என்கிற, பசையை இளக்கும் ஆல்கஹாலை விட்டு, பசை ஊறும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். "அவசரப்பட்டு நெம்பினா வளைஞ்சிடும், வளைஞ்சா பத்திக்கும்." வெளியே வந்த பேட்டரி நடுவில் லேசாக உப்பியிருந்தது. புதுசை மாட்டி, ஒட்டுவதற்கு முன்பே போனை உயிர்ப்பித்து, சார்ஜ் ஏறுகிறதா, கேமரா திறக்கிறதா என்று எல்லாம் பார்த்தார். கடைசியாகப் பசை போட்டுக் கிளிப்பால் இறுக்கி வைத்தார்.

1,800 ரூபாய். ஆறு மாத வாரண்டி. "இனிமே தண்ணி படாம பாத்துக்குங்கம்மா. கம்பெனி போட்ட மாதிரி சீல் வராது, அதை நான் கேரண்டி குடுக்க முடியாது." கேட்காமலேயே இதைச் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கம்பெனி பேட்டரியா இது என்று கேட்டேன். இல்லை, கம்பெனி பொருளைத் தன்னைப் போன்ற கடைகளுக்குக் கொடுப்பதில்லை, கிடைப்பதில் நல்லதாகப் பார்த்து வாங்குகிறேன் என்றார்.

இப்போது இரவு படுக்கும்போது நாற்பது சதவீதம் மிச்சம் இருக்கிறது. நடுவில் அணைவதில்லை. வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகக் குவிந்திருந்த வீடியோக்களை அழித்த பிறகு வட்டம் சுற்றுவதும் நின்றது.

ஆனால் 1100-க்கு இல்லாத ஒரு கணக்கு இந்தப் போனுக்கு உண்டு. அதைப் பேட்டரியால் தீர்க்க முடியாது. அம்மாவின் போனில் வங்கிக் கணக்கு இல்லை, இணையம் இல்லை, யாரும் உள்ளே நுழைந்து எடுத்துப்போக ஒன்றும் இல்லை. என் போனில் யு.பி.ஐ. இருக்கிறது, ஆதார் இருக்கிறது, மருத்துவ ரிப்போர்ட் இருக்கிறது. கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டால், பார்வைக்குப் புதுசாக இருக்கிற போனில்கூடப் பணம் அனுப்புவது சரியில்லை. இது கம்பெனியின் கையில் இருக்கிறது. கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று உறுதி கொடுத்தன. விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. ஆக, குறைந்த விலையில் வாங்குபவர்தான் சீக்கிரம் மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. இது எனக்குக் கோபமூட்டுகிறது.

என் போனுக்கு 2027 வரை அப்டேட் உண்டு. அதுவரை மாற்றப்போவதில்லை. நின்றதும் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டுப் புதுசு வாங்குவேன். கடையில் முதல் கேள்வியாக, எந்த வருடம் வரை அப்டேட் வரும், பேட்டரி மாற்ற என்ன ஆகும் என்று கேட்பேன்.

இதைச் சொன்னதும் மகன் தன் போனின் தேதியைத் தேட உட்கார்ந்தான். என்னுடையதற்கு அடுத்த வருடம் வாங்கிய போன். பெட்டியில் இல்லை, பில்லில் இல்லை, கம்பெனியின் இணையதளத்தில் எங்கெங்கோ போய்க் கடைசியில் கண்டுபிடித்தான். "உன்னோடதுக்கு முன்னாடியே என்னோடது முடியுதும்மா" என்றான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் கொடுக்க வேண்டும், ஏழு வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதை லேபிளிலேயே போட வேண்டும். பிரான்ஸ் அதற்கு முன்பே, 2021-ல், போன்களுக்கு அப்படி மதிப்பெண் போட வைத்தது. நம் நுகர்வோர் விவகாரத் துறையும் இதற்காக 2024-ல் ஒரு குழு அமைத்தது. 2025-ல் அறிக்கையும் வந்தது. அந்த அறிக்கை அலமாரியில் தூங்கக் கூடாது. போன் பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சடிக்கிற அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், அப்டேட் முடிகிற மாதமும் வருடமும் அச்சாக வேண்டும். முடிச்சூர் ரோட்டுக் கடைக்கும் கம்பெனி பேட்டரி விலைக்குக் கிடைக்க வேண்டும்.