நோஞ்சான் விசைக்கே நம் ஓட்டு

கேள்வி: அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம்தானாமே! அப்படியானால் நாற்காலியில் உட்கார்ந்ததும் பொத்தென்று தரைக்குப் போய்விட வேண்டாமா?

பதில்: அது காலி மனை இல்லை, பட்டா போட்ட இடம். எலக்ட்ரான் அங்கே புள்ளியாக ஓடிக்கொண்டிருக்கவில்லை; அலையாகப் பரவிக் கிடக்கிறது. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் குடியேற முடியாது என்று 1925-ல் இயற்பியலாளர் பவுலி சொன்னார். அந்தத் தடை இல்லாவிட்டால், மின்விலக்கம் இருந்தும் பொருள்கள் சுருங்கிப்போகும் என்பதை டைசனும் லெனார்டும் 1967-ல் கணக்குப் போட்டே நிரூபித்துவிட்டார்கள். தைரியமாக உட்காருங்கள்.

கேள்வி: அணுக்கருவைக் கண்டுபிடித்ததற்காகத்தானே ரூதர்ஃபோர்டுக்கு நோபல் பரிசு?

பதில்: பரிசு 1908-ல், கரு 1911-ல். அதுவும் வேதியியல் பரிசு! கருவைக் காட்டிக்கொடுத்த சோதனையில், மான்செஸ்டரில் இருட்டறையில் உட்கார்ந்து, தங்கத் தகட்டில் பட்டுத் திரும்பிய ஆல்ஃபா துகள்களின் மினுக்கலைக் கண்ணால் எண்ணியவர்கள் அவருடைய உதவியாளர் கைகரும் மார்ஸ்டன் என்ற 20 வயது மாணவரும்.

கேள்வி: ஒரே மின்சுமை ஒன்றையொன்று விலக்கும் என்கிறார்கள். கருவுக்குள் புரோட்டான்கள் மட்டும் எப்படி ஒற்றுமையாக இருக்கின்றன?

பதில்: ஒற்றுமையாவது! கட்டிப்போட்டிருக்கிறது வலிமையான அணுக்கரு விசை. மின்விலக்கத்தைப் போல் சுமார் 100 மடங்கு பலம். ஆனால் கை நீளம் மிகக் குறைவு: ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியாகக் கூறு போட்டால் அதில் இரண்டு மூன்று கூறு. பக்கத்தில் இருப்பவரை மட்டுமே பிடிக்கும். விலக்கமோ கருவின் மூலைமுடுக்கெல்லாம் எட்டும். கரு பெருக்கப் பெருக்க விலக்கத்தின் கை ஓங்குகிறது. 82 புரோட்டான் உள்ள ஈயத்தோடு நிலைத்த தனிமங்களின் பட்டியல் முடிகிறது. அடுத்துள்ள பிஸ்மத்தும் சிதைகிறது. அதன் அரை ஆயுள் பிரபஞ்சத்தின் வயதைப் போல் நூறு கோடி மடங்குக்கும் மேல் என்பதால் யாரும் பதற வேண்டாம்.

கேள்வி: விசைகளிலேயே ஈர்ப்புதான் பலவீனமாம். மாடியிலிருந்து விழுந்த என் மச்சானின் காலை உடைத்தது யார்?

பதில்: விழ வைத்தது ஈர்ப்பு. உடைத்தது தரையில் இருந்த மின்காந்த விசை. இரண்டு புரோட்டான்களுக்கு இடையே ஈர்ப்பைவிட மின்விலக்கம் 1-க்குப் பின் 36 சைபர் போட்ட அளவுக்குப் பெரியது. ஆனால் பூமியில் நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணக்கு நேராகிவிடுகிறது. ஈர்ப்புக்குக் கழித்தல் தெரியாது, கூட்டல் மட்டும்தான்.

கேள்வி: என் எடை 72 கிலோ. இதில் எலக்ட்ரான் எவ்வளவு?

பதில்: சுமார் 20 கிராம். புரோட்டான், நியூட்ரான்களுக்குள் இருக்கும் குவார்க்குகளின் சொந்த நிறை ஒரு கிலோகூடத் தேறாது. மீதி எல்லாம் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல். இதைச் சொல்லி டாக்டரிடம் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: வலிமை குறைந்த அணுக்கரு விசையால் யாருக்கு என்ன பயன்?

பதில்: காலையில் வெயில் அடித்ததா? அதன் உபயம்தான். சூரியனின் நடுவே இரண்டு புரோட்டான்கள் மோதினால் மட்டும் போதாது; அந்த நொடியில் ஒன்று நியூட்ரானாக மாறினால்தான் இணையும். அப்படி மாற்றும் வித்தை இந்த நோஞ்சானுக்கு மட்டுமே தெரியும். அதற்கோ அவசரமே கிடையாது. ஒரு புரோட்டானின் முறை வரச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். அந்தச் சோம்பலால்தான் சூரியன் 460 கோடி ஆண்டுகளாகியும் தீர்ந்துபோகாமல் நிதானமாக எரிகிறது. பலசாலியிடம் பொறுப்பு போயிருந்தால், நீங்கள் கேள்வி அனுப்ப ஆளிருந்திருக்க மாட்டீர்கள்.

இந்த வேலையில் பிறக்கும் நியூட்ரினோ என்ற துகள்கள் உங்கள் நகத்தளவு இடத்தில் நொடிக்கு 6,500 கோடி வீதம் புகுந்து போகின்றன. இதே விசையின் பிள்ளைகள் என்பதால் எதிலும் லேசில் மாட்டுவதில்லை. வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை உலகில் முதலில் பிடித்த இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம், 1965-ல். தங்கத்தைவிட அரிய சரக்கு!

கேள்வி: ஐந்தாவது விசை இருக்கிறதா?

பதில்: 1986-ல் ஒன்று வந்தது. ஊரெல்லாம் பேசியது. சோதனை மேல் சோதனை செய்தும் சிக்கவில்லை. மறுபக்கம், மின்காந்த விசையும் நம் நோஞ்சானும் அடிப்படையில் ஒன்றே என்று காட்டிய வைன்பர்க், சலாம், கிளாஷோ மூவருக்கும் 1979-ல் நோபல். அதற்கான துகள்களும் 1983-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் பிடிபட்டன. விசைகள் நான்கு என்பதே கொஞ்சம் தாராளம்.