கட்டிலடியில் ஒரு திருவிழா

ஸ்பெயினில் நகரத்தை விட்டுக் கிராமத்துக்குக் குடிபோகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: அமைதி. மாட்ரிட்டில் ஆம்புலன்ஸ் சத்தத்தையும் மாடிவீட்டுக்காரரின் டிவியையும் கேட்டு வெறுத்துப்போன நாங்களும் அதையேதான் சொன்னோம். கிரானடா மாகாணத்தில், சியர்ரா நெவாடா மலையின் தெற்குச் சரிவில், அல்புஹாரா வட்டாரத்தில் ஒரு வெள்ளையடித்த வீடு வாடகைக்குக் கிடைத்தது. இதே வட்டாரத்து யெஹென் என்ற ஊருக்கு 1920இல் ஜெரால்டு பிரெனன் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய இரண்டாயிரம் புத்தகங்களோடு குடிவந்தார். பிற்பாடு அந்த ஊர் வாழ்க்கையைப் பற்றி அருமையான நூல் ஒன்றும் எழுதினார். நாங்கள் முத்து, கோமதி என்ற இரண்டு நாய்களோடு வந்தோம். புத்தகம் குரைக்காது. பிரெனனால் எப்படி எழுத முடிந்தது என்பது எனக்கு முதல் ராத்திரியே விளங்கிவிட்டது.

ஊரில் அமைதியே இல்லை என்று சொன்னால் பாவம். மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை, சியெஸ்தா நேரத்தில், நிறையவே இருக்கிறது. ஊர் தூங்கும், ஊர் நாய்களும் தூங்கும். பகலில் அப்படித் தூங்கிய நாய் ராத்திரி என்ன செய்யும்? பேசும். செர்வாந்தேஸ் 1613இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இரண்டு நாய்கள் ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகின்றன. என்ன கற்பனை என்று விமர்சகர்கள் வியக்கிறார்கள். மனிதர் ஏதோ ஒரு கிராமத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பேச்சைத் தொடங்குவது மேல்தெரு வேட்டை நாய். நரி போயிருக்கும், அல்லது காட்டுப்பன்றி. ஒன்றும் போகாமலும் இருந்திருக்கும். அதற்கு ஆட்டுக்காரரின் மஸ்தீன், கன்றுக்குட்டி உயரமுள்ள காவல் நாய், அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு சொல் பதிலாகச் சொல்லும். உடனே கீழ்த்தெரு முழுக்க அதை வழிமொழியும். எங்கள் முத்துவுக்கு விஷயம் என்னவென்றே தெரியாது. ஆனாலும் கடைசியில் பேசி முடிப்பது அவன்தான். கோமதி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அவள் கால்கோ, ஸ்பெயினின் ஒல்லி வேட்டை நாய். நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு சோபாவில் மல்லாந்து கிடப்பாள்.

அல்புஹாராவில் பழைய வீடுகளுக்கு ஓடு கிடையாது. தட்டைக் கூரை, அதன் மேல் லாவுனா என்ற சாம்பல்நிறக் களிமண்ணைப் பரப்பியிருப்பார்கள். மழைத்தண்ணீரை உள்ளே விடாமல் காப்பது அதுதான். ஊர் சரிவில் இருப்பதால் பல இடங்களில் மேல்தெருவும் கீழ்வீட்டுக் கூரையும் ஒரே மட்டம். தெருவில் நடப்பதாக நினைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் படுக்கையறைக்கு மேல் நின்றுகொண்டிருப்போம். முத்துவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. தனக்குக் கிடைத்த பன்றிக்கால் எலும்பைப் பத்திரப்படுத்தக் கீழ்வீட்டுப் பாட்டியின் லாவுனாவைத் தேர்ந்தெடுத்தான்.

பாட்டி படியேறி வந்தார். கோபமாகத் தெரியவில்லை.

"உன் பையன் என் கூரையில கிணறு வெட்டுறான். வந்து பாரு."

இன்றைக்கே சரிசெய்து தருகிறேன் என்றேன். "இன்னைக்கா? லாவுனாவைத் தேய்பிறையிலதான் போடணும். வளர்பிறையில போட்டா ஒழுகும்" என்றார். தேய்பிறை வரும்வரை அந்த ஓட்டைக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு. பிறகு நான் கூடை கூடையாகக் களிமண் சுமந்தேன். பாட்டி நாற்காலி போட்டு மேற்பார்வை செய்தார். அவர் காலடியில் முத்து உட்கார்ந்து தானும் மேற்பார்வை செய்தான்.

இந்த ஊரில் நாய்க்கு ஒரு வேலை இருந்தாக வேண்டும். ஆட்டுக்காரர் கோமதியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"தம்பி, இது வேட்டைக்குப் போகுமா?"

"போகாது."

"ஆடு காக்குமா?"

"ஆட்டைக் கண்டா ஓடும்."

"எந்தப் பக்கம்?"

"வீட்டுப் பக்கம்."

அவர் தலையாட்டிய விதத்தில் கோமதிக்கான அனுதாபம் கொஞ்சமும் எனக்கான அனுதாபம் நிறையவும் இருந்தது.

சட்டம் கோமதி கட்சி. 2022 ஜனவரியிலிருந்து ஸ்பெயினின் உரிமையியல் சட்டப்படி நாய் ஒரு பொருள் அல்ல, உணர்வுள்ள உயிர். கணவன் மனைவி பிரிந்தால் நாய் யாரிடம் இருப்பது என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லலாம். 2023 செப்டம்பரில் வந்த விலங்கு நலச் சட்டமோ நாயை 24 மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரில்லாமல் விடக் கூடாது என்கிறது. ஆனால் வேட்டை நாய்க்கும் மந்தை நாய்க்கும் அது பொருந்தாது என்று விலக்கும் அளித்துவிட்டார்கள். ஆக, எங்கள் தெருவில் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பிரஜைகள் முத்துவும் கோமதியும்தான்.

காலண்டரையும் நாய்களே கிழிக்கின்றன. குளிர் முடிகிற சமயம் பைன் மரத்திலிருந்து கம்பளிப்புழுக்கள் வரிசையாக இறங்கும். அவற்றின் சுணை நாயின் நாக்கையே அழுகவைத்துவிடும் என்பதால் பைன் தோப்புப் பக்கம் நடை கிடையாது. கோடை தொடங்கினால் காய்ந்த புல்லின் கதிர்முள் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஏறும். சாயங்காலம் டார்ச் அடித்து எட்டுப் பாதங்களையும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். திருவிழாவைத்தான் முடியாது. ஜனவரி 17 வனத்து அந்தோணியார் நாள். கால்நடைகளுக்கு அவர்தான் காவல். கோயில் வாசலில் கோவேறு கழுதை, கோழி, நாய் எல்லாவற்றுக்கும் பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். முத்து தெளிக்கும்வரை காத்திருக்கவில்லை, பாத்திரத்திலேயே வாய்வைத்துக் குடித்துவிட்டான். ஆசீர்வாதம் முடிந்த கையோடு வாணவெடி போட்டார்கள். ஆசீர்வதிக்கப்பட்ட ஜீவன்கள் எட்டுத் திக்கிலும் ஓடின.

ஆகஸ்ட் 16 இன்னும் மோசம். அது சான் ரோக்கே திருநாள். கொள்ளைநோய் கண்டு காட்டில் தனியாகக் கிடந்த அந்தப் புனிதருக்கு ஒரு நாய்தான் தினமும் ரொட்டி கொண்டுவந்து கொடுத்ததாம். ஆகவே அவர் சிலையின் காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய் நிற்கும். நாயால் பிழைத்த புனிதருக்கு ஊர் நன்றி சொல்லும் விதம், விடியற்காலையிலிருந்தே வெடி. ஊர்வலம் எங்கள் தெருவைக் கடக்கும்போது அஞ்சாமல் நின்ற நாய் சிலைக்குக் கீழே இருந்தது மட்டும்தான். அது மரம். மற்ற இரண்டும் எங்கள் கட்டிலடியில் இருந்தன. பாட்டி ஊர்வலத்தை விட்டு விலகி உள்ளே வந்து, முழங்கால் வலியோடு குனிந்து, கட்டிலடியில் ரொட்டித் துண்டை நீட்டினார். "அவருக்கு நாய் கொடுத்துச்சு. வெடி ஓயுற வரைக்கும் நாம கொடுப்போம்" என்றார்.

கோமதி எங்களிடம் வந்தது ஒரு பிப்ரவரியில். முயல் வேட்டைப் பருவம் முடிந்ததும், வேகம் போதாத கால்கோக்களை ரோட்டோரம் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் இன்னும் இங்கே இருக்கிறது. அந்தச் சமயத்தில் காப்பகங்கள் நிரம்பி வழியும். ஐரோப்பாவில் இருக்கும் தமிழர் யாராவது இதைப் படித்தால், ஸ்பானியக் காப்பகம் ஒன்றில் ஒரு கால்கோவைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். குரைப்பது அபூர்வம், நாளில் பாதிக்கு மேல் தூக்கம். சோபாவை மட்டும் பெரிதாக வாங்கிவிடுங்கள், ஓரத்தில் உங்களுக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.