மூன்றாம் கியரில் தண்ணீர்மலை

பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் ஓர் ஆட்டோ கியர் கார் எழும்ப மறுத்தால், நோய் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. "கியர்பாக்ஸ் போச்சுண்ணே, ஓவரால் பண்ணணும்" என்பார் போர்மன், பானெட்டைத் திறக்காமலே. பக்கத்துப் பட்டறைக்காரர் கியர் எண்ணெயைச் சந்தேகிப்பார். மாமனார் திருஷ்டியைச் சந்தேகிப்பார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நாளாகிவிட்டதாம்.

கார் பாவம், கத்திக்கொண்டுதான் இருக்கிறது. டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. கணினி பயந்துபோய் வண்டியை ஒரே கியரில், பல கார்களில் மூன்றாவதில், பூட்டி வைத்திருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினால் 'பி0750' என்று வரும்: ஷிஃப்ட் சோலினாய்டு ஏ, அதாவது கியர் மாற்றும் எண்ணெய் வால்வை இயக்கும் மின்காந்தச் சுருள். அதற்காக உடனே புதுசு வாங்க ஓடவும் வேண்டாம். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் நல்ல சோலினாய்டு பல வண்டிகளில் 10 முதல் 30 ஓம் வரை காட்டும். முள் அசையவே இல்லையா, சுருள் அறுந்துவிட்டது. பூச்சியத்தை ஒட்டி நிற்கிறதா, ஷார்ட். அளவு சரியென்றால் வயரைப் பார்க்க வேண்டும், இல்லையேல் வால்வில் அடைத்த கசடை.

இவ்வளவுதான் வேலை. இதற்குப் போய் எத்தனை வெள்ளி கேட்பது என்பதுதான் போர்மனின் சங்கடம்.

மேலே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. ஓவரால் பில் கையில் இருப்பவர்கள் கொஞ்சம் வேகமாகவே ஏறுகிறார்கள்.