சாக்கும் சோபாவும்

எங்கள் காலத்து நாய்களுக்கு மூத்திரம் கசியும் நோய் இருந்ததா என்றால், இருந்திருக்கும், கவனிக்கத்தான் ஆளில்லை. கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோணிச்சாக்கு, அதன்மேல் எங்கள் ராணி. சாக்கு நனைந்திருந்தால் அப்பத்தா ஒரு வாளித் தண்ணீரை வீசிவிட்டு, அதை வேலியில் உதறிப் போட்டு, "வயசாயிருச்சுல்ல, பாவம்" என்பார். பரிசோதனை, நோய், வைத்தியம் மூன்றும் அதோடு முடிந்தன. உச்சிவெயிலில் மொறமொறவென்று காய்ந்த அந்தச் சாக்கில் ராணி மூன்று சுற்று சுற்றிப் படுக்கிற சுகத்தை எந்தச் சோபாவிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது வீட்டில் டெய்சி. லாப்ரடார், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவள், ஏசி அறை, சோபா. விழித்திருக்கும்போது ஒரு சொட்டுக் கிடையாது, அசந்து தூங்கினால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். எழுந்து அதை முகர்ந்துவிட்டு, என்னவோ நான்தான் செய்த மாதிரி என்னை ஏறிட்டுப் பார்ப்பாள்.

டாக்டரம்மா கேட்டதெல்லாம் கேள்விகள்: தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறாளா, முக்கி முக்கி அடிக்கடி போகிறாளா, தூக்கத்தில் மட்டும்தானா. பிறகு காலையில் முதல் மூத்திரம் வேண்டும் என்றார். கல்லூரி நாட்களில் நாய்ச்சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பதையே கௌரவக் குறைச்சலாக நினைத்த அந்தப் பெல்பாட்டம் இளைஞன், விடியற்காலையில் சாம்பார்க் கரண்டியோடு ஒரு நாயின் பின்னால் குந்தியிருந்ததை எதிர்வீட்டு மாமி கோலம் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சர்க்கரை இல்லை, கிருமி இல்லை, ஸ்கேனில் கல்லும் இல்லை. சினைப்பையை எடுத்தபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, மூத்திரக் குழாயை இறுக்கிப் பிடிக்கிற தசை சில பெட்டைகளுக்குத் தளர்ந்துவிடுமாம். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்காமல் காப்பாற்றிய ஆபரேஷன், கைமாறாகச் சோபாவைக் கேட்டிருக்கிறது.

மருந்திலும் வேடிக்கை உண்டு. அந்தத் தசையை இறுக்க வெளிநாடுகளில் நாய்களுக்குத் தரும் ஃபீனைல்புரோப்பனோலமைன், நாலு தூறல் விழுந்தாலே நாங்கள் முழுங்கிய ஜலதோஷ மாத்திரைகளில் இருந்த சரக்குதான். பக்கவாத பயத்தால் 2011-இல் இந்தியாவில் மனிதர்களுக்குத் தடை செய்தார்கள். அதே 2011-இல் அமெரிக்காவில் நாய்களின் இந்தக் கசிவுக்கென்றே எஸ்ட்ரியால் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. டெய்சிக்கு எழுதியதும் எஸ்ட்ரியால்தான்: முதலில் கொஞ்சம் கூடுதலாக, பிறகு கசிவு நிற்கிற குறைந்த அளவு வரை இறக்கிக்கொண்டே வர வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் எழுதுகிற ஹார்மோன் அது என்று தெரிந்ததும், என் மனைவி டெய்சியிடம் கூடுதல் மரியாதையோடு பேசுகிறாள்.

உங்கள் நாய் படுத்தெழுந்த இடம் ஈரமாக இருந்தால் அதட்டாதீர்கள், தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்தும் வைக்காதீர்கள். காலை மூத்திரத்தோடு டாக்டரைப் பாருங்கள். கரண்டியை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.