பாஸ்போர்ட் கேட்கும் பாதை

ரத்தத்தில் சர்க்கரை பத்தைத் தாண்டியதும் டாக்டர், "சைக்கிள் ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டார். ஜொகூர் பாருவில் அது அவ்வளவு லேசில்லை. அடுத்த தெரு மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடக்கூடக் காரெடுக்கிற ஊர் இது. கடைக்கு உள்ளேயே ஓட்டிப் போக வழியில்லையே என்பதுதான் பலருக்குக் குறை.

இருந்தாலும் வாங்கினேன். தலைக்கவசம், கையுறை, பின்புறம் மெத்தை வைத்துத் தைத்த கால்சட்டை. "என்னங்க, குழந்தைக்கு டயப்பர் போட்டமாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

வேலைக்கு ஏழு கிலோமீட்டர். தாமானுக்குப் பின்னால் பெரிய லோங்காங் ஓரமாக, மரநிழலில் ஒரு பாதை உண்டு. காலையில் அங்கே மூன்று அத்தைமார்கள் அகலவாக்கில் நடப்பார்கள். மணி அடித்தால் மூவரும் மூன்று பக்கம் சிதறி, நான் எந்தப் பக்கம் திரும்புகிறேனோ அங்கேயே வந்து கூடுவார்கள். அவர்களைக் கடந்தால் நடுப்பாதையில் முதலைக்குத் தம்பி மாதிரி ஓர் உடும்பு. மணி அடித்தேன். நாக்கை நீட்டியது. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு புல்வழியே போனேன்.

அந்தப் பாதையில் உண்மையாகவே வேலைக்குப் போகிறவர்கள் தொழிற்சாலைக்குப் போகும் வங்காளதேசத் தம்பிகளும், இரவுக் காவல் முடிந்து திரும்பும் நேப்பாளிகளும்தான். ரப்பர் செருப்பு, துருப்பிடித்த சைக்கிள், கைப்பிடியில் சோற்றுப் பொட்டலம். ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "போஸ், ரேஸா?" என்று கேட்டுவிட்டு, என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

இரண்டாவது கிலோமீட்டரில் பாதை சொல்லாமல் கொள்ளாமல் முடிந்தது. அதற்கப்பால் நெடுஞ்சாலை, லோரிகள். நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே. காலையில் வியர்வையில் நனைந்தேன், மாலையில் இடிமழையில் நனைந்தேன். இடையில் காய்ந்தது ஆபீஸ் ஏர்கோனில். கூடவே சளியும் பிடித்தது.

"ஒழுங்கான பாதை வேணும்னா இங்க வாங்க மச்சான்" என்று சிங்கப்பூரிலிருந்து மைத்துனன் பல வருஷமாகக் கூப்பிடுகிறான். 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; அவனுக்குச் சனியும் ஞாயிறும். "நாள் ஒத்துவரலப்பா" என்று பதினோரு வருஷம் தப்பித்தேன். இருவருக்கும் பொதுவாக இருந்த சனிக்கிழமையைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 2025-ல் எங்களுக்கு ஞாயிறு திரும்பி வந்ததும் மாட்டிக்கொண்டேன்.

அவன் சொன்ன பாதை 24 கிலோமீட்டர். அது யாருடையது என்கிறீர்கள்? நம்ம கேடிஎம் ரயில் ஓடிய தடம்தான்! 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிமே ஓட்டிக்கொண்டு வந்தார். ரயில் வீடு திரும்பியது. பாதை அங்கேயே தங்கிவிட்டது. பெண் பிறந்தகம் வந்துவிட, சீர்வரிசை மட்டும் மாப்பிள்ளை வீட்டில் நின்றுபோன கதை. ஒன்று சொல்லவேண்டும், சீரை நன்றாகவே வைத்திருக்கிறார்கள். புக்கிட் தீமா நிலையத்தையும் பக்கத்து இரும்புப் பாலங்களையும் இடிக்காமல், தண்டவாளம் கிடந்த இடத்தில் மரமும் நிழலுமாக விட்டிருக்கிறார்கள்.

அங்கே போக 1924-ல் திறந்த ஜொகூர் பாலத்தைத் தாண்டவேண்டும். நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் சைக்கிளும் மோட்டார் சைக்கிள் தடத்தில்தான் போகவேண்டும். முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான மோட்டார்கள் உறும, நடுவில் பல்லிடுக்கில் பாஸ்போர்ட்டைக் கடித்துக்கொண்டு நான். நல்ல காற்று வாங்கப் போகிற வழியில் ஒரு வருஷத்துப் புகையை உள்ளே இழுத்திருப்பேன்.

பாதி தூரம் ஓட்டினேன். அருமை. உடும்புகூட ஓரமாய்ப் போனது.

திரும்பி வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். கூலாய் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே சைக்கிளில் வாளிகளைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் தடத்தில் பிரட்டுக்குப் போனவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மரத்துக்கு நடுவுலயே ஓட்டுனியா?"

"ஆமாப்பா, பன்னிரண்டு கிலோமீட்டர்."

"சரி, கூலி எவ்வளவு குடுத்தாங்க?"