நிக்குமுங்க

அவர் காரின் டிக்கியில் எப்போதும் ஒரு செங்கல் இருக்கும். எங்கே நிறுத்தினாலும் முதலில் இறங்குவது அந்தச் செங்கல்தான். பின் சக்கரத்துக்கு அதை முட்டுக்கொடுத்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “எங்கப்பா காலத்துக் கல்லுங்க” என்பார். காரும் அப்பா காலத்ததுதான். 1978 மாடல் பிரீமியர் பத்மினி. ஆனால் அப்பா கொடுத்தபடியே இன்றும் இருப்பது கல் மட்டும்தான்.

இவரைப் போன்றவர்கள் கோவையில் பேட்டைக்கு ஒருவராவது உண்டு. பத்மினிக்காரர் என்று பொதுப்பெயர் வைத்துக்கொள்ளலாம். அம்பாசடர்காரர், ஹெரால்டுகாரர் எல்லாரும் இதே குலம், கூட்டம்தான் வேறு. வயது நாற்பத்தைந்துக்கு மேல். மோட்டார், பம்ப்செட், கிரைண்டர் என்று ஏதாவது ஒன்றைத் தொட்ட தொழில். தங்கச்சி மகள் கல்யாணத்தில் மொய் எழுதும்போதும் விரல் நகத்தில் கிரீஸ். தினமும் கம்பெனிக்குப் போய்வர வெள்ளையாக ஒரு புது கார் இருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். மிதித்தால் நின்றுவிடுகிற வண்டியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பத்மினியைப் பற்றியென்றால் கேட்கவே வேண்டாம். இத்தாலிக்காரனின் ஃபியட் 1100 பம்பாய் குர்லாவில் நம் ஊர் வண்டியானது, பிறகு சித்தூர் ராணியின் பெயரைச் சூட்டிக்கொண்டது, 2000 வாக்கில் உற்பத்தி நின்றுபோனது என்று வாசலில் நின்றபடியே வரலாறு ஓடும். கடைசி வரி வரும்போது உள்ளேயிருந்து அக்கா, அவர் மனைவி, காபியோடு வருவார். “கம்பெனி நின்னுருச்சுங்க. வண்டிதான் நிக்கறதில்ல.”

அக்கா சொல்வதில் நியாயம் இருந்தது. அந்த வண்டி பிறந்தபோது அதற்கு 1089 சிசி இஞ்சின், நாற்பது சொச்சம் குதிரை, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஓட்டத்துக்கும் நிறுத்தத்துக்கும் ஒருவிதமான சமரசம் இருந்தது. அவருடைய அப்பாவும் அந்தச் சமரசத்துக்குக் கட்டுப்பட்டவர். பொள்ளாச்சியில் நிறுத்த வேண்டுமென்றால் கிணத்துக்கடவிலேயே மிதிக்க ஆரம்பித்துவிடுவாராம். முதல் மிதிக்குப் பிடிக்காவிட்டால் “ரெண்டு பம்ப் அடி” என்பது அந்தத் தலைமுறையின் தாரக மந்திரம். இருபது வருஷம் ஓட்டியும் எதிலும் மோதியதில்லை. மோதுகிற வேகத்தை வண்டி எட்டியதுமில்லை.

மகன் முதலில் மாற்றியது இஞ்சினை. பத்மினிக்காரர் எவரும் பிரேக்கில் தொடங்க மாட்டார், இது விதி. பெயின்ட், சீட் கவர், பாட்டுப் பெட்டி, இஞ்சின், நாலு விரல் அகலத்துக்குச் சைலன்சர் வாய் என்று வரிசையாகப் போய், எதிலாவது மோதியோ மோதப் பார்த்தோ விட்டால்தான் பிரேக் ஞாபகம் வரும். இவர் போட்டது ஜிப்ஸி இஞ்சின். 1298 சிசி, 80 குதிரை. குதிரையை இரட்டிப்பாக்கியவர் கடிவாளத்தை அப்படியே விட்டுவிட்டார். வேகம் இரண்டு மடங்கானால் அதை அடக்க வேண்டிய சக்தி நாலு மடங்கு என்று பத்தாம் வகுப்பில் எழுதி மார்க் வாங்கியவர்தான். மார்க்கோடு அந்த விஷயம் முடிந்துபோனது.

இஞ்சின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றினாரா என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்ன நாளிலிருந்து, அந்தப் பேச்சு வந்தால் அவருக்கு அவசரமாக யாருக்காவது போன் செய்ய வேண்டியிருக்கும்.

புது இஞ்சினுக்குப் பூஜை போட மருதமலைக்குப் போனார்கள். ஏறும்போது 80 குதிரையும் பாய்ந்தது. இறங்கும்போதும் பாய்ந்தது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி விரியும். விரிந்தால் உள்ளே இருக்கும் லைனிங்குக்கும் அதற்கும் இடைவெளி கூடும். லைனிங்கும் வெந்து வழுக்கும். காருக்குள் கருகல் வாசனை. அக்கா “முருகா” என்றார். அது பக்தி இல்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். வண்டி அடிவாரத்தில் ஒரு அர்ச்சனைத் தட்டுக் கடையின் தேங்காய்க் குவியலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

மறுநாள் பட்டறையில் நானும் இருந்தேன். மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, மாட்டி, பீடியைப் பற்றவைத்தார். “இனி நிக்குமுங்களாண்ணா?” என்று நான் கேட்டேன்.

“நிக்குமுங்க. எங்கன்னுதான் சொல்ல முடியாதுங்க.”

அன்றைக்கு முடிவானதுதான் டிஸ்க். அன்று முதல் அவர் வேறு மனிதர். இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியதையும், 1953இல் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் டிஸ்க்கின் தயவில் ஜெயித்ததையும், பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சொன்னார். மாப்பிள்ளைப் பையன் ஆர்வமாகக் கேட்டான் என்பதற்காகவே சம்பந்தம் முடிந்தது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கென்னவோ பையன் மரியாதைக்குக் கேட்டான் என்றுதான் தோன்றுகிறது.

நாட்டுக்கே பிரேக் செய்து அனுப்புகிற கம்பெனி சென்னை பாடியில் 1962 முதல் இருக்கிறது. ஆனால் புதுச் சாமானை ரசீதோடு வாங்கிப் பூட்டுவது பத்மினிக்காரரின் குலதர்மத்துக்கு விரோதம். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து, ஒரு எஸ்டீமின் முன்பக்க டிஸ்க்கும் காலிபரும் கொண்டுவந்தார். துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல. அதைக் காருடன் சேர்க்க ஒரு பிராக்கெட் வேண்டும். அதற்கு லேத்.

லேத் பட்டறைக்காரருக்கு அன்றாடம் கிரைண்டர் ஷாஃப்ட்தான் பிழைப்பு. அவருக்கு இதுவும் ஒரு கிரைண்டர்தான். அரிசிக்குப் பதில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவே. “அரை நூல் எடுத்தா உக்காந்துருமுங்க” என்றார். எடுத்தார். உட்காரவில்லை. “இன்னொரு கால் நூலுங்க.” நாலாவது தடவை உட்கார்ந்தது. உட்கார்ந்த காலிபர் சக்கரத்தின் உள்பக்கத்தில் உரசியது. அதனால் புதுச் சக்கரம். புதுச் சக்கரத்துக்கு டயர் அகலம் வேறு. டயர் மட்கார்டில் இடித்தது. மட்கார்டின் விளிம்பை மடித்தார்கள். அங்கே பெயின்ட் விரிசல் விட்டது. பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் கதவும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. இந்தச் செலவுகள் எல்லாம் ‘பிரேக்’ என்ற ஒரே தலைப்பில் நோட்டில் ஏறின. அக்கா கணக்குப் பார்ப்பவர். “பிரேக்குக்கு எதுக்குங்க அஞ்சு லிட்டர் பெயின்ட்டு?”

எல்லாம் மாட்டி முதல் ஓட்டம். மிதித்தார்; பெடல் சமாதானமாகத் தரைக்குப் போய் உட்கார்ந்தது. பழைய மாஸ்டர் சிலிண்டர் டிரம்முக்குத் தேவையான துளி ஆயிலைத் தள்ளிப் பழகியது. காலிபரின் பிஸ்டன் பெரிசு, அதற்குப் பசி அதிகம். போதாததற்கு, சுற்றும் டிரம் லைனிங்கைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் குணமுடையது. டிஸ்க்குக்கு அந்தத் தயவு கிடையாது, நம் காலே முழுதும் அழுத்த வேண்டும். ஆகவே பெரிய மாஸ்டர் சிலிண்டர். பெரிதாக்கியதும் பெடல் கல்லாகிவிட்டது. ஆகவே பூஸ்டர்.

இரண்டாவது ஓட்டத்தில் வண்டி நின்றது. அப்புறம் கிளம்ப மறுத்தது. முன் சக்கரத்திலிருந்து புகை. டிரம் காலத்துச் சிலிண்டர்களுக்குள் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை விடாமல் பிடித்துவைக்க ஒரு வால்வு இருக்கும். டிரம்முக்கு அது நல்லது. டிஸ்க்கில் பேட் விலகாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். வாங்கிவந்த பெரிய சிலிண்டரும் பழைய குலத்தைச் சேர்ந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. “நிக்கலைன்னு அழுதீங்க, இப்ப நின்னுட்டேங்குது” என்றார் மெக்கானிக் அண்ணன்.

பின்னாலும் டிஸ்க் போட்டுவிடலாமா என்று பத்மினிக்காரருக்கு ஒரு சபலம். அண்ணன் வேண்டாமென்று தலையாட்டினார். மிதித்தவுடன் பாரமெல்லாம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகிவிடும். “லேசான பக்கத்தக் கெட்டியாப் புடிச்சா, வண்டி வந்த வழியப் பாத்துட்டு நிக்குமுங்க.” பின்னால் டிரம்மே இருக்கட்டும் என்று விட்டார்கள். இந்த நாடகம் முழுவதிலும் குறைவாகச் செலவான முடிவு அதுதான்.

ஆனால் பிரேக் வேலையின் உண்மையான உச்சம் ஏர் எடுப்பது. குழாய்க்குள் ஒரு குமிழி காற்று மாட்டினாலும் போதும்; ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும்; பெடல் பஞ்சாகிவிடும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூட வேண்டும். மூடும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும். மெக்கானிக் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. ஆகவே அக்கா.

“மிதி. மிதி. மிதி. புடி!”

“புடிச்சுட்டேன்.”

“விடாத.”

வண்டிக்கு அடியிலிருந்து வரும் சத்தத்தில் கடைசி எழுத்து தரையிலேயே தங்கிவிடும். ‘விடாத’ புறப்பட்டது, ‘விடா’ வந்து சேர்ந்தது. அக்கா அதை ‘விடு’ என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார். நிப்பிளில் சொருகிய டியூபின் மறுமுனை ஒரு நன்னாரி சர்பத் பாட்டிலில் இருந்தது; பாட்டில் களகளவென்று ஓசையிட்டு ஆயிலைத் திருப்பிக்கொடுத்தது.

“ஏன் விட்ட?”

“நீங்கதான விடச் சொன்னீங்க.”

“நான் விடாதன்னேன்.”

“இருபத்தாறு வருஷமா நீங்க சொன்ன ஒன்னையாச்சும் நான் விட்டிருக்கேனாங்க?”

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த பாட்டி எட்டிப் பார்த்து, குடும்ப விஷயம் என்று நினைத்து மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக நாலு சக்கரம். மதியச் சாப்பாடு நாலரைக்கு. இடையில் சர்பத் பாட்டில் ஒருமுறை சாய்ந்து, புதுப் பெயின்ட் அடித்த மட்கார்டில் ஆயில் பட்டது. பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது. நோட்டில் ‘பிரேக்’ தலைப்பின் கீழ் இன்னொரு வரி.

மிச்ச ஆயில் டப்பாவை மூடாமல் வைத்ததற்கு மட்டும் மெக்கானிக் அண்ணன் நிஜமாகவே கோபித்தார். அந்த ஆயில் ஐப்பசி மாத உப்பு மாதிரி. காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்று அச்சடித்த ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் 140க்கே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் பஞ்சுப் பெடல், பஞ்சுப் பெடல் மலைப்பாதையில் என்றால் மறுபடி “முருகா.”

பரீட்சைக்கு வால்பாறை என்று அவரே தேதி குறித்தார். மேலிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். நான் முன் சீட்டில். பத்மினிக்காரரோடு முன் சீட்டில் போகிறவருக்கென்று தரையில் ஒரு கண்ணுக்குத் தெரியாத பெடல் உண்டு. முப்பதாவது வளைவுக்குள் அதை நான் நன்றாகத் தேய்த்துவிட்டேன். அவரோ ஒவ்வொரு வளைவுக்கும் தேவைக்கு மேலாகவே மிதித்து, ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தார். சாலையைப் பார்க்கச் சொல்லிப் பின் சீட்டிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது.

கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ. திரும்பியதும் நடுரோட்டில் ஒரு வரையாடு. அவர் மிதித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தி, கோடு போட்டது போல நேராக, சத்தமில்லாமல் நின்றது. வரையாடு எங்களைப் பார்த்தது. அதன் முகத்தில் வியப்பு ஒன்றும் இல்லை. வண்டி என்றால் நிற்கும் என்று அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பின்னால் ஒரு டெம்போ நீளமாக ஹாரன் அடித்து, எங்கள் பம்பருக்கு முழம் விட்டு நின்றது. அதன் டிரைவர் தலையை நீட்டி எங்கள் முன்னோர்களை விசாரித்தார். இவருக்கு அது காதில் விழவில்லை. கண் கலங்கியிருந்தது.

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி, ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார். இறங்கினார். இந்த முறை செங்கலை எடுக்கவில்லை. டிக்கிப் பக்கமே போகவில்லை. சக்கரத்துக்கருகில் குனிந்து அனல் பார்த்தார். நிமிர்ந்து வண்டியின் முன்னால் போய் நின்றார். பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

“இந்த பிரேக்குக்கு இந்த இஞ்சின் பத்தாதுங்க தம்பி.”

பின் கதவு திறந்தது. அக்கா இறங்கினார். நேராக டிக்கிக்குப் போய்ச் செங்கலை எடுத்துவந்து, முன் சக்கரத்துக்கு முன்னால் வைத்து, காலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கிவிட்டு, டீ சொல்லப் போனார்.